பூஜ்ய நிலைக்கு ஐந்து கட்டளைகள்

பஞ்சர்மாசின் நகரத்தில் ஆற்றுப் படித்துறை ஒழுங்குத் துறை என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஆற்றங்கரைப் படித்துறைகளுக்கு நம்பர் போடுவது அதன் வேலை. நம்பர் போட்டவற்றில் சிலவற்றை வருஷத்துக்கு ஒருமுறை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி நம்பர் போட வேண்டும். ஆகவே வேலைக்குப் பஞ்சமே இல்லை. மூன்று மாடிக் கட்டடம், நூறு பேருக்கு மேல் ஊழியர்கள், திங்கட்கிழமைதோறும் முற்றத்தில் காக்கி உடுப்போடு வரிசையாக நின்று கேட்கத் தலைவரின் உரை என்று எல்லாம் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஜும்பேரி அங்கே பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியன். வயது நாற்பத்தொன்று. கட்டடத்தில் ஓடுகிற கணினிக் கம்பிகள் எல்லாம் அவன் பொறுப்பு. தற்காலிக ஊழியர் என்ற இனமே இந்த வருஷ முடிவோடு இருக்கக் கூடாது என்று தலைநகரத்தில் முடிவாகியிருந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் நிரந்தரம். ஏறாவிட்டால் டிசம்பர் முப்பத்தொன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இத்துறையில் அப்படி இருபத்து மூன்று பேர். பட்டியலை அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் மாகாண இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அலுவலகக் கட்டடத்தின் கம்பி வழியாக ஏற்றினால்தான் அந்தத் தளம் வாங்கிக்கொள்ளும். ஜும்பேரியின் மனைவி மஸ்லியானி, கணவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தன் அக்காமார் நாலு பேரிடமும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். அதனால் பெயர் ஏறாமல் போவது என்பது அந்த வீட்டில் பேசக்கூடிய விஷயமாக இல்லை.

வினை ஆகஸ்ட் மாதத்தில் ஆரம்பித்தது. துறைத் தலைவர் டாக்டராண்டஸ் ஹாஜி குஸ்தி ரிஃபானி எம்.எம்., எம்.எஸ்.ஐ. அவர்கள் சுரபாயாவில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போனவர் சும்மா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். எப்போதும் அப்படித்தான் செய்வார். இந்தத் தடவை மதியச் சாப்பாடு தாமதமானதால் ஓர் உரையைக் கேட்டுவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே, முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையில், பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். எல்லா மாடிக் கணினிகளும் அதன் வழியாகத்தான் வெளியுலகத்தைப் பார்க்கும். அந்தப் பெட்டியோடு பேச மவுஸும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி எண்டர் அழுத்தினால் சொன்னதைச் செய்யும். யார் எந்த வரியைத் தட்டலாம் என்பதற்கு அதற்குள்ளேயே பூஜ்யம் முதல் பதினைந்து வரை நிலைகள் உண்டு. பதினைந்தில் இருப்பவர் எதையும் செய்யலாம். கருத்தரங்கில் இதைத்தான் சொன்னார்கள். தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஆபீசில் பதினைந்து யாரிடம் இருக்கிறது என்று அங்கிருந்தே போன் போட்டார். ஜும்பேரியிடம் இருந்தது. பதினோரு வருஷமாக இருந்தது. அப்படி ஒன்று இருப்பது வேறு யாருக்கும் தெரியாது என்பதே அதற்குக் காரணம்.

அடுத்த திங்கட்கிழமை முற்றத்தில் வெயில் கொளுத்தியது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு குடும்பத்துல அப்பா, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட குடுத்து வெப்பாரா? நாம இத்தனை வருஷமா குடுத்து வெச்சிருந்தோம். ஜும்பேரி மேல எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அதனாலதான் தைரியமா அவன்கிட்டேயிருந்து வாங்கிக்கறேன்."

கைதட்டினார்கள். ஜும்பேரியும் தட்டினான். அவன் கடைசி வரிசையில் நின்றிருந்தான்.

பிறகு அரசாணை படிக்கப்பட்டது. இனி ஸ்விட்சில் ஒருவருக்குள்ள நிலை அரசுப் பணியில் அவருக்குள்ள படியோடு ஒத்துப்போக வேண்டும். அரசுப் பணியில் படிகள் பதினேழு, ஸ்விட்சில் நிலைகள் பதினாறு. ஒரு நிலை இடித்தது. பதினாறாம் நிலையை உடனே சேர்த்து அனுப்பும்படி பெட்டி செய்த கம்பெனிக்குக் கடிதம் போனது. கம்பெனி மரியாதையாக ஒரு விளம்பரப் புத்தகம் அனுப்பி வைத்தது. தலைவர் எந்தப் படியில் இருந்தாலும் அவருக்குப் பதினைந்து என்று ஆணையிலேயே எழுதியிருந்ததால் பிரச்சினை அவரளவில் தீர்ந்துபோனது.

தற்காலிக ஊழியருக்குப் படி என்று ஒன்று கிடையாது. மற்ற இருபத்திரண்டு பேரும் படகோட்டிகள், காவல்காரர்கள், பெருக்குகிறவர்கள். ஸ்விட்சோடு அவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களுடைய கட்டத்தில் 'பொருந்தாது' என்று போட்டார்கள். ஜும்பேரிக்குப் பொருந்தியது. ஆகவே அவனுக்குப் பூஜ்யம் போட்டார்கள். நிலையைப் பெயர் அட்டையிலும் அச்சிட வேண்டும் என்று ஆணை. அட்டை அடிக்கிற இயந்திரம் பூஜ்யத்தை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அவன் அட்டையில் மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டது. அவன் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டான்.

அன்று மத்தியானம் துடைப்ப அறையில் உட்கார்ந்து, ஸ்விட்சில் தன் பெயரைக் கொடுத்து உள்ளே போய், ஒரு கேள்விக்குறியைத் தட்டினான். கேள்விக்குறி தட்டினால் உனக்கு அனுமதியுள்ள கட்டளைகள் இவை என்று பெட்டி பட்டியல் தரும். பதினோரு வருஷமாக அது பக்கம் பக்கமாக ஓடும். இப்போது ஐந்தே வரி வந்தது. மேலே ஏறு, கீழே இறங்கு, வெளியே போ, உதவி, விடைபெறு. மேலே ஏறக் கடவுச்சொல் வேண்டும். அது உறைக்குள் முத்திரையிட்டுத் தலைவரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கீழே இறங்குவதற்கு இனிமேல் இடமில்லை. உதவி என்று தட்டினான். எதுவும் பொருந்தாவிட்டால் உதவிப் பட்டியல் காலியாக இருக்கும் என்று அது ஆங்கிலத்தில் விளக்கியது. வேறு ஏதோ பழைய கட்டளையைத் தட்டிப் பார்த்தான். உனக்கு அதிகாரமில்லை என்று அந்தப் பெட்டி சொல்வதே கிடையாது. நீ சொல்வது புரியவில்லை என்று மட்டும் சொல்லும். அவனுக்குத் திக்கென்றது. அப்புறம் அந்தத் திக்கும் போய்விட்டது.

தலைவரும் ஒரு கேள்விக்குறி தட்டினார். அவருக்கு வரிகள் ஓடின. திரை நிரம்பியதும் 'மேலும்' என்று அடியில் வந்தது. தட்டினார், இன்னும் ஓடியது. மறுபடி 'மேலும்'. தலைவர் கண் கலங்கிவிட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முழுவதையும் அச்செடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். அதிலிருந்து ஆளாளுக்குத் தங்கள் பட்டியலை அச்செடுத்து நீளம் பார்த்தார்கள். படகுப் பிரிவு அதிகாரியின் பட்டியல் பக்கத்து அறைக்காரருடையதை விட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. அவர் மேல்முறையீடு செய்து, தூரத்துக் கணினியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும் 'பிங்' என்ற கட்டளையைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை தலைவர் அறைக் கணினியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விசுவாசத்தை வேறு எப்படிக் காட்டுவது?

இதையெல்லாம் கண்காணிக்க நிலை ஒழுங்குப் பிரிவு என்று புதிதாக ஒன்று பிறந்தது. அதன் தலைவி இபு நோர்லத்தீஃபா. அந்த ஊரில் இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா. நல்ல பெண்மணி. யாரையும் கடிந்து பேசமாட்டார். அவர் வகுத்த முறைப்படி, மூன்றாம் மாடியில் ஒரு கணினியின் கம்பி செருகியிருக்கும் ஸ்விட்ச் துளை செத்துப்போனால் அதைப் பார்ப்பது மூன்றாம் நிலை, திருத்தும் இடத்துக்குள் நுழைவது ஒன்பதாம் நிலை, துளையைத் தேர்ந்தெடுப்பது பதினொன்று, அதை உயிர்ப்பிப்பது பதினைந்து. நாலு அதிகாரிகளும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு, படி வரிசைப்படி துடைப்ப அறை வாசலில் நிற்பார்கள். வரியைத் தட்டுவது ஜும்பேரி. எண்டர் அழுத்துவது அந்தந்த நிலை அதிகாரி. முன்பு அவன் சிகரெட் பாதி எரிவதற்குள் முடித்த வேலைக்கு இப்போது மூன்று நாளும் ஒரு தட்டு பலகாரமும் ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, பலகாரம் நன்றாகவே இருந்தது.

அக்டோபரில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. தன் அறைக் கணினியின் போக்குவரத்தும் பெருக்குகிறவர்களின் வருகைப் பதிவும் ஒரே கம்பியில் உரசிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே கம்பிக்குள் பல தடங்களைத் தனித்தனியாக ஓட விடலாம். ஏற்கெனவே மூன்று தடங்கள் மாடிக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. தலைவருக்கென்று நாற்பது என்ற எண்ணில் ஒரு தனித் தடம் திறப்பது என்று முடிவாயிற்று. தலைவரே தன் கையால் கட்டளையைத் தட்டித் தொடங்கி வைப்பார். நாள்: மூன்றாவது வியாழக்கிழமை காலை பத்து மணி.

பட்டியலின் கடைசி நாளும் அதுதான். ஜும்பேரி பணியாளர் பிரிவு அதிகாரி பாக் அர்யாதியிடம் போய், பட்டியலை ஒரு நாள் முன்னதாக ஏற்றிவிடலாமே என்றான். பாக் அர்யாதி நல்ல மனுஷன், ஆனால் தலைவரின் கையெழுத்து வியாழக்கிழமை காலைதான் கிடைக்கும், விழா முடிந்த கையோடு ஏற்றிவிடலாம், கவலைப்படாதே என்றார். ஜும்பேரி கவலைப்படுவதை முன்பே நிறுத்திவிட்டிருந்தான். கேட்க வேண்டும் என்று கேட்டான்.

தலைவர் தட்டப்போகும் ஒற்றை வரியை எழுதும் வேலை அவனுக்கு வந்தது. தலைவர் தட்டுவதால் அது தலைவரின் உரைக்குச் சமம். ஆகவே வரைவு நாலு அதிகாரிகளின் சுருக்கொப்பம் பெற்று மேலே போக வேண்டும். அந்த அலுவலகத்தில் வரைவு எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். ஒப்பம் போடுகிற ஒவ்வொருவரும் எதையாவது திருத்தியே தீர வேண்டும். திருத்தாவிட்டால் படிக்கவில்லை என்று ஆகிவிடும். திருத்த ஒன்றும் கிடைக்காவிட்டால் நல்லதைத் திருத்துவார்கள். அதனால் எழுதுகிறவர்களே ஆளுக்கொரு தப்பை முன்கூட்டியே நட்டு வைத்துவிடுவார்கள். ஜும்பேரி முதலாமவருக்குத் தேதியைத் தப்பாகப் போட்டான். இரண்டாமவருக்கு ஒரு காற்புள்ளியைக் கூடுதலாக வைத்தான். மூன்றாமவருக்குத் தலைப்பை இடது பக்கம் தள்ளினான். நாலாமவருக்குத் தலைவரின் பட்டங்களில் ஒன்றை விட்டுவிட்டான். கட்டளை வரியை மட்டும் அட்சரம் பிசகாமல் எழுதினான். இருக்கிற தடங்களோடு நாற்பதையும் சேர்த்து அனுமதி என்பது அதன் பொருள். அந்தச் 'சேர்த்து' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆட்' என்று ஒரு சின்னச் சொல் நடுவில் வரும். அது இருந்தால் பழைய தடங்கள் இருக்கும், புதியதும் வரும். அது இல்லாவிட்டால் புதியது மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் அடைபட்டுப்போகும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஊரையே இருட்டாக்கியிருப்பார்கள்.

நாலு பேரும் அவரவர் தப்பைக் கண்டுபிடித்துச் சந்தோஷமாகத் திருத்தினார்கள். ஆனால் நிலை ஒழுங்குப் பிரிவு பிறந்ததிலிருந்து ஒப்பம் போடுகிறவர்கள் ஐந்து பேர். அதை ஜும்பேரி மறந்துவிட்டான். பதினோரு வருஷத்துப் பழக்கம், நாலோடு நிறுத்திவிட்டது. கோப்பு ஐந்தாவதாக இபு நோர்லத்தீஃபாவிடம் போனபோது அதில் ஒரு தப்பும் மிச்சமில்லை. அவர் வெகுநேரம் தேடினார். பிறகு, அடித்தாலும் யாருக்கும் மனம் நோகாத மிகச் சிறிய சொல் ஒன்றைப் பார்த்து, சிவப்பு மையால் அழகாக அடித்துவிட்டு ஒப்பம் போட்டார். கோப்பு சுத்தமாகத் தட்டச்சாகி, பட்டுத் துணி உறைக்குள் போய், தலைவரிடம் சேர்ந்தது.

வியாழக்கிழமை எல்லோரும் உள்ளூர்ச் சாயத்துணியான சசிராங்கானில் தைத்த சட்டையில் வந்திருந்தார்கள். ஸ்விட்சுக்கு மஞ்சள் நாடா கட்டியிருந்தது. மஞ்சள் சோறு கோபுரமாகக் குவிந்திருந்தது. துடைப்ப அறைக்குள் மூன்று பேருக்குத்தான் இடம் என்பதால் மற்றவர்கள் படிக்கட்டில் அடுக்காக நின்றார்கள். பிரார்த்தனை முடிந்து தலைவர் பட்டு உறையைப் பிரித்தார். பக்கத்தில் நின்ற ஜும்பேரி வரியைப் பார்த்தான். அவன் தலைவரின் காதருகே குனிந்தான்.

"பாக், ஒரு சொல் விட்டுப்போச்சு. நடுவுல 'ஆட்'னு இருக்கணும். இப்படியே தட்டினா மத்த மாடியெல்லாம் செத்துப்போயிடும்."

தலைவர் தாளைப் பார்த்தார். தாளின் ஓரத்தில் வரிசையாக ஐந்து ஒப்பங்கள் இருந்தன. அவர் கோபப்படவில்லை.

"அஞ்சு பேர் பாத்து ஒப்பம் போட்டிருக்காங்க, ஜும்பேரி. எல்லா நிலையும் கூட்டினா அம்பத்தெட்டு வருது. உன்னோட நிலை என்ன?"

"பூஜ்யம், பாக்."

"அதையும் சேர்த்துக்கறேன். இப்பவும் அம்பத்தெட்டுதான்."

படிக்கட்டில் சிரித்தார்கள். தலைவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எண்டரை அழுத்தினார். கைதட்டல் எழுந்தது. மாறிய அமைப்பை ஸ்விட்சின் நினைவில் நிரந்தரமாகப் பதிவு செய்வதற்குத் தனி ஆணை வேண்டும், அது திங்கட்கிழமை வரும் என்று இபு நோர்லத்தீஃபா அறிவித்தார். மஞ்சள் சோறு வெட்டப்பட்டது. ஜும்பேரிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அதில் விரால் மீன் துண்டு இருந்தது.

சோற்றுக் கையோடு ஊழியர்கள் இருக்கைக்குப் போனபோது மூன்று மாடியும் இருண்டிருந்தது. விளக்குகள் எரிந்தன, கணினிகள் ஓடின, ஆனால் எதுவும் எதனோடும் பேசவில்லை. தலைவர் அறையில் மட்டும் எல்லாம் பறந்தது. கட்டடத்தின் முழுக் கம்பியிலும் அவர் ஒருவர்தானே ஓடிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வேகத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று அவர் விருந்தாளிகளிடம் சொன்னார். மாலை வரை எவரிடமிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. புகார்கள் கணினி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

பாக் அர்யாதி கையெழுத்தான பட்டியலோடு பதினோரு மணியிலிருந்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. தாளில் புகார் எழுதலாம் என்றால் அதற்கும் பதிவெண்ணைக் கணினிதான் தர வேண்டும். ஒரு மணிக்கு ஜும்பேரி மூன்றாம் மாடிக்குப் போனான். சட்டம் போட்ட பட்டியலின் கீழே தலைவர் ஏதோ பந்தய மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குள் பட்டியல் ஏறாவிட்டால் இருபத்து மூன்று பேருக்கும் வேலை போய்விடும், ஒரே ஒரு வரி தட்டினால் சரியாகிவிடும் என்று ஜும்பேரி சொன்னான். தலைவர் தன் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். தனக்கு நன்றாக வருகிறதே, பழுது எங்கே என்று கேட்டார். பழுது இல்லாத இடத்தில் திருத்தினால் ஐந்து அதிகாரிகளை அவமதித்ததாகும் என்றும் சொன்னார். அப்படியானால் பட்டியலை மட்டும் இந்த அறையிலிருந்து ஏற்றிக்கொள்ளலாமா என்று ஜும்பேரி கேட்டான்.

"தனித் தடம்னு இன்னைக்குக் காலையிலதான் திறந்து வெச்சேன். மத்தியானமே அதுல பொது வண்டியை விடச் சொல்றியா?" என்றார் தலைவர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஒரு வழி பாக்கி இருந்தது. தட்டிய வரி இன்னும் ஸ்விட்சின் நிரந்தர நினைவில் ஏறவில்லை. பெட்டியின் மின்சாரத்தை ஒருமுறை பிடுங்கிச் செருகினால், அது எழுந்திருக்கும்போது காலையில் நடந்ததெல்லாம் மறந்து பழையபடி ஆகிவிடும். ஐந்து நிமிஷ வேலை. பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜும்பேரி அதைப் பிடுங்கவில்லை. பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டுச் செய்தவன் அவன். இப்போது கேட்காமல் செய்து, பட்டியல் ஏறுகிற அன்றைக்கே ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று பயந்தான். அதனால் இபு நோர்லத்தீஃபாவிடம் போய், பிளக்கைப் பிடுங்குவது எந்த நிலையில் வரும் என்று கேட்டான்.

அவர் நிலைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பொறுமையாகப் புரட்டினார்.

"பதினஞ்சுலயும் இல்லையே. அப்ப அது பதினாறாத்தான் இருக்கணும். பதினாறு இன்னும் கம்பெனியிலிருந்து வரலை. ஒரு குழு போட்டுடலாமா?"

குழு எப்போது கூடும் என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை என்றார். நன்றி சொல்லிவிட்டுத் துடைப்ப அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். மணி மூன்றே கால். மஸ்லியானியின் அக்காமார் நாலு பேரின் முகமும் வரிசையாக வந்து போயிற்று. அழுகை வரும் என்று பார்த்தான், வரவில்லை.

அப்போது இமாய் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலோடு உள்ளே வந்தாள். ஆபீசில் எல்லோரும் அவளை அச்சில், அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள். பெருக்குவதும் தேநீர் போடுவதும் அவள் வேலை. பட்டியலில் அவள் பெயர் பதினேழாவது. மூன்றரைக்குத் தலைவருக்கு இஞ்சித் தேநீர் போக வேண்டும்.

"என்ன ஜும், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொல்லவில்லை, பிளக் விஷயத்தை மட்டும் சொன்னான். அவள் கெட்டிலின் வயரை விரலில் சுற்றியபடி கேட்டாள்.

"உனக்குப் பூஜ்யம். சரி. எனக்கு என்ன போட்டிருக்காங்க?"

"பொருந்தாதுன்னு போட்டிருக்காங்க, அச்சில்."

"அப்ப எனக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது. பேண்ட்ரியில பிளக் பாயிண்டு எரிஞ்சு போயி ஒரு வாரமாச்சு. நான் தண்ணி சுட வெக்கணும். நீ செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

ஜும்பேரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் பெட்டியின் மின்விசிறி இரைச்சல் அடங்கியது. பச்சை விளக்குகளின் வெளிச்சம் சுவரிலிருந்து போயிற்று. தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பிறகு அவள் கெட்டிலைப் பிடுங்கிவிட்டு, எது எங்கே இருந்ததோ அதை அங்கே செருகிவிட்டு, தேநீர் போடப் போய்விட்டாள்.

மூன்று நாற்பத்தொன்பதுக்கு மூன்று மாடிகளும் உயிர் பெற்றன. எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கேட்டது. ஜும்பேரி இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் பணியாளர் பிரிவுக்கு ஓடினான். பாக் அர்யாதி பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தார். கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. ஒரு பெட்டி திறந்தது. ஏற்கப்பட்டவை இருபத்திரண்டு. நிராகரிக்கப்பட்டது ஒன்று. மணி மூன்று ஐம்பத்தாறு.

பாக் அர்யாதி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். கட்டாயம் நிரப்ப வேண்டிய 'நிலை' என்ற கட்டம் காலியாக இருப்பதால் பன்னிரண்டாம் வரிசை ஏற்கப்படவில்லை என்று போட்டிருந்தது. கட்டம் காலியாக இல்லை. அதில் பூஜ்யம் இருந்தது. ஜும்பேரி தன் பெயர் அட்டையில் பேனாவால் போட்ட வட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஒண்ணுன்னு மாத்திடுங்க, பாக். இல்லேன்னா எல்லாருக்கும் போட்ட மாதிரி பொருந்தாதுன்னு போடுங்க. ரெண்டு செகண்டு வேலை."

"உனக்குப் பொருந்துதேப்பா," என்றார் பாக் அர்யாதி, பரிதாபமாக. "நிலையை நான் மாத்த முடியாது. இபு ஒரு வார்த்தை சொல்லட்டும், மாத்திடறேன்."

இபு நோர்லத்தீஃபா பக்கத்து அறையிலிருந்து உடனே வந்தார். யார் கூப்பிட்டாலும் உடனே வருகிறவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. ஜும்பேரிக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது.

"இது பெரிய அநியாயம்," என்றார் அவர். "பூஜ்யம்னா காலின்னு எவன் சொன்னது? பூஜ்யம் ஒரு முழு நிலை. அதுக்குன்னு அஞ்சு கட்டளை இருக்கு. அரசாணையில தனிப் பத்தி இருக்கு. நீங்க பூஜ்யத்தை ஒண்ணுன்னு மாத்தச் சொல்றீங்களே பாக் ஜும்பேரி, உங்க நிலையை நீங்களே கேவலமா நினைக்கலாமா? நாங்க நினைக்கலையே. நான் விடமாட்டேன். உங்க பூஜ்யத்துக்காக மாகாணத்துக்கே கண்டனக் கடிதம் எழுதறேன்."

"இபு, மூணு அம்பத்தெட்டு ஆச்சு," என்றான் ஜும்பேரி.

"எழுதறேன்னு சொன்னா எழுதுவேன்," என்றார் அவர். சொன்னபடியே அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பாக் அர்யாதி மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தார். ஜும்பேரி இரண்டு பேரையும் பார்த்தான். ஏதாவது கத்தலாம் என்று நினைத்தான். கத்தினாலும், சொல்வது புரியவில்லை என்பார்கள். நாலு மணிக்குத் தளம் மூடிக்கொண்டது. கண்டனக் கடிதம் நாலு பத்துக்கு முடிந்தது. வரைவு நன்றாக இருந்தது. சுருக்கொப்பத்துக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. அதற்கடுத்த திங்கட்கிழமை முற்றத்தில் தலைவர் உரையாற்றினார். வியாழக்கிழமை மாலை தன் தனித் தடம் எப்படி மறைந்தது என்று விசாரித்ததாகச் சொன்னார். மின்சாரம் நின்றதாகப் பெட்டியின் குறிப்பில் இருந்தது. ஆனால் பிளக்கைப் பிடுங்கும் நிலை இத்துறையில் யாருக்கும் வழங்கப்படவில்லை. வழங்கப்படாத ஒன்றை யாரும் செய்திருக்க முடியாது. ஆகவே பிளக் பிடுங்கப்படவில்லை என்று குழு முடிவு செய்தது. இருபத்திரண்டு தற்காலிக ஊழியர்கள் நிரந்தரமானது, இருபத்து மூன்றில் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல், மாகாணத்திலேயே நல்ல சாதனை என்றார். கைதட்டினார்கள். அச்சில் இமாய் புது உடுப்பில் இரண்டாம் வரிசையில் நின்றாள். கைதட்டவில்லை. கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே ஜும்பேரி தட்டிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் அவன் அறையைக் காலி செய்தான். கம்பி முனையில் பிளக்கை இறுக்குகிற கிரிம்பிங் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அது அவன் சொந்தக் காசில் வாங்கியது. மஸ்லியானிக்கு நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. அவள் அக்காமாரின் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் மாடியிலிருந்து ஆள் வந்தது. தலைவருக்கு மறுபடி தனித் தடம் வேண்டும், ஆணை தயார், ஐந்து ஒப்பமும் ஆகிவிட்டது, வரியைத் தட்டிக் கொடுக்க ஜும்பேரி நாலு மணிக்கு மேல் கொஞ்சம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஜும்பேரி ஆணையை வாங்கிப் பார்த்தான். நடுவில் அந்தச் சின்னச் சொல் இல்லை. அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். நாலு மணிக்குத் தன் ஒப்பந்தம் முடிகிறது, அதற்கு மேல் அந்த அறையில் இருக்கத் தனக்கு நிலை இல்லை என்று சொன்னான். உண்மையைத்தான் சொன்னான்.

ஆள் போனதும் திரையின் முன்னால் உட்கார்ந்தான். கேள்விக்குறி தட்டினான். ஐந்து வரி வந்தது. மேலே ஏறு, கீழே இறங்கு, வெளியே போ, உதவி, விடைபெறு. கடைசியில் இருந்ததைத் தட்டி, எண்டரைத் தானே அழுத்தினான். பெட்டிக்கு அது புரிந்தது. திரை சுத்தமாகிவிட்டு, தொடங்குவதற்கு எண்டர் அழுத்தவும் என்று ஒரு வரி வந்து நின்றது.

அவன் விளக்கை அணைத்துவிட்டுப் போனான். அதற்குள் காலுறையோடு நாலு அதிகாரிகள் படிக்கட்டில் வரிசைப்படி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இருட்டறைக்குள் அந்த வரி மினுக்கிக்கொண்டிருந்தது. முதல் எண்டர் எந்த நிலைக்குரியது என்று அவர்கள் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள்.